வெற்றிலை வைக்க ஒரு வாசல்

மார்கழிக் குளிரில் சுண்ணாம்புக் குழிக்குள் கை விடுவது லேசுப்பட்ட காரியமில்லை. தண்ணீர் விரலை விறைக்க வைக்கும், சுண்ணாம்பு அதே விரலைச் சுடும். கன்னியம்மா புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு குழிக்கரையில் குனிந்தாள். ஊறிக் கொழகொழத்துக் கிடந்த ஆட்டுத்தோலின் ஒரு காலைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் அருள்மேரி இன்னொரு காலைப் பிடித்தாள். இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். ஆண்கள் அதை எடுத்துப் போய் மரக்கட்டையின்மேல் விரித்து, மொண்ணைக் கத்தியால் முடியைச் சீவித் தள்ளினார்கள். சீவி விழுந்த முடியை அலசிக் காயவைப்பதும் பெண்கள் பாடுதான்.

பம்மலில் அப்போது இன்னும் விடியவில்லை. தோல் கம்பெனிச் சங்கு சேவலை முந்திக்கொண்டு கூவிவிடும். கையுறை என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதை அந்தக் கம்பெனி கேள்விப்பட்டதே இல்லை. வேலைக்கு இறங்குமுன் பெண்கள் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். கன்னியம்மா மூன்று மாதமாக அதையும் தடவுவதில்லை. எண்ணெய்ப் புட்டியை வைக்க ஒரு மாடம் வேண்டுமே.

"இன்னாடி, இன்னிக்கும் எனக்கு முன்ன வந்துட்ட? லைன்லயே கீற நான் இப்பதான் வரேன். நீ அஸ்தினாபுரத்துலேர்ந்து நடந்து வந்து, கேட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே நிக்கிற!" என்றாள் அருள்மேரி.

"தூக்கம் வரலடி."

அது ஒன்றுதான் அவள் சமீபகாலத்தில் சொன்ன உண்மை.

"கேளு. எம்பொண்ணு மெட்டில்டாவுக்கு தையில கண்ணாலம் முடிவாயிட்ச்சி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நேரா உன் வூட்டுக்குத்தான் வரேன், வெத்தல பாக்கு வைக்க."

கன்னியம்மாவின் கையிலிருந்த தோல் நழுவிக் குழிக்குள் விழுந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

"எனக்கு எதுக்குடி வெத்தல? நான் இன்னா வேத்தாளா? இங்கியே சொல்ட்ட இல்ல, வந்துட்றேன்."

"தோ பாரு, அவ பொறந்தன்னிக்கி கொடி அறுத்தவ நீ. உனக்கு குழிக்கரைல நின்னுகினு, சுண்ணாம்புக் கையோட சொல்லிட்டுப் போவேனா? வாசல்ல வந்து தட்டு வச்சாதான் மரியாத. எந்தத் தெரு, சொல்லு."

கம்பெனி போட்டுக்கொடுத்த குடிசை வரிசையான அந்த லைனில் வேதக்காரர்கள் பாதி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் பாதி. இரண்டு தரப்புக்கும் இதில் பேதம் கிடையாது. வாசல் தேடி வந்து வெற்றிலை வைத்தால்தான் அழைப்பு. வழியில் பார்த்து வாயால் சொன்னால், சொன்னவருக்கும் இழுக்கு, கேட்டவருக்கும் அவமானம்.

"ரயில்வே கேட்டத் தாண்டி ரெண்டாவது தெரு," என்று கன்னியம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "வேப்பமரத்தாண்ட வெள்ள வூடு. பின்னால என் போர்ஷன்."

அஸ்தினாபுரத்தில் அவளுக்கு வீடும் இல்லை, போர்ஷனும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டின் வெளித்தாழ்வாரத்தில், மூட்டை முடிச்சோடு வரிசையாகப் படுத்திருக்கும் பெண்களுக்கு நடுவே அவளுக்கு ஒரு முழம் இடம் இருந்தது. அதுவும் அன்றன்றைக்கு முந்தினால்தான்.

அவள் புருஷன் சேட்டு இதே குழிகளில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். இருமி இருமி அவன் போய்ச்சேர்ந்த பிறகு, கம்பெனி லைனிலிருந்த வீட்டில் அவள் ஒண்டியாய் இருந்தாள். மண்சுவர், ஓலைக்கூரை, ஒரு வாசல். ஐப்பசி மழைக்கு முன்னால் மேஸ்திரி வந்து நின்றான். "ஆம்பள இல்லாத வூட்டுக்கு லைன்ல எடமில்ல. மொதலாளி ஆர்டர். ஜல்தியா காலி பண்ணு. வேற யார் வூட்லயாவது போய் ஒண்டிகினேன்னு வச்சிக்க, அந்த வூட்டுக்கும் பூட்டுதான்."

இரண்டாவது வாக்கியந்தான் அவள் வாயைக் கட்டியது. அருள்மேரி வீட்டில் ஏற்கெனவே எட்டு உயிர். சொன்னால் "வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவாள், பிறகு அவளும் தெருவுக்கு வருவாள். அதனால் கன்னியம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாகக் கிளம்பினாள். சின்னம்மா மகன் அஸ்தினாபுரத்தில் போர்ஷன் பார்த்துக் கொடுத்திருக்கிறான், சிமெண்டுத் தரை, லைட்டு கூட உண்டு என்று அடித்துவிட்டாள். லைனே வாயைப் பிளந்து கேட்டது. மறுநாள் மேஸ்திரி கூரையைப் பிரித்துப் போட்டான். நாலு சுவருக்குள் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கட்டுகளை அடுக்கினான்.

முதல் சில வாரம் அவள் நிமிர்ந்துதான் இருந்தாள். காலையில் எழுந்ததும் தான் படுத்த இடத்தைக் கூட்டுவாள், ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடித்துத் தெளிப்பாள். பக்கத்தில் படுக்கும் ஒருத்தி ஒருநாள் கெக்கெக்கே என்று சிரித்தாள். "இன்னாமே, உங்கப்பன் கட்ன வூடா? பெருக்குற!" அன்றோடு கூட்டுவதை விட்டாள். அதோடு வேறு எதையோ சேர்த்து விட்டுவிட்டாள்.

தோல் வேலைக்காரிக்கு நாற்றம் புதிதல்ல. ஆனால் லைனில் கிணறு இருந்தது, மறைப்பு இருந்தது. சீயக்காய் தேய்த்துக் குளித்து மாற்றுப்புடவை கட்டினால் அவள் மனுஷி. ஸ்டேஷனில் ஆண்கள் எழுவதற்குமுன் குழாயடியில் முகம் கழுவி, கட்டிய புடவையோடு நனைந்து, உடம்பிலேயே உலரவிட வேண்டும். டீக்கடையில் ஒருவன் அவள் பக்கத்திலிருந்து நகர்ந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து, அவளே எல்லோரிடமிருந்தும் நகர்ந்து நிற்கப் பழகினாள். மத்தியானம் பெண்கள் கூடிச் சாப்பிடும்போது சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ரயில்வே போலீஸின் லத்திக்குப் பயந்து விழித்து விழித்து, கண்ணை மூடினாலும் உடம்பு தூங்க மறுத்தது. தனக்குள்ளேயே பேச ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தேனா, கோழியை அடைத்தேனா என்று சேட்டுவிடம் கேட்பாள். பதில் வராதபோது தான் எங்கே இருக்கிறோம் என்று உறைக்கும். அந்தப் பயத்துக்கு அவளிடம் பெயர் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஜீவரத்தினம் வந்தார். அந்த நாற்றத்தில் விளைந்த காரில் வந்து இறங்கி, அந்த நாற்றத்துக்கே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். லைன் குடித்தனக்காரர்கள் அத்தனை பேரையும் மேஸ்திரி முற்றத்தில் கூட்டி நிறுத்தினான்.

"புது மெஷின் ஷெட் வரப்போகுது. லைன் இருக்கிற இடம் வேணும். தை பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடுங்க. திங்கட்கிழமை ஒவ்வொருத்தரா வந்து சம்மதம்னு சொல்லிட்டுப் போகணும்," என்றார்.

பட்டைத்தொட்டியில் வேலை செய்யும் தயாளன் முன்னால் வந்தான். சங்கம் வைக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவன்.

"எங்க போறது மொதலாளி? பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுகினு ரோட்லயா?"

"அது என் கவலையாப்பா? வேலை குடுக்கறேன். வீடு குடுக்கறதா என்னிக்காவது சொன்னேனா?"

"ராத்திரில தோல் லாரி வந்தா தூங்கறவன எயுப்பி இஸ்துகினு போறதுக்குத்தான லைனு போட்டீங்க? அப்ப வூடு வேணும், இப்ப வாணாமா?"

ஜீவரத்தினம் கோபப்படவில்லை. கோபப்படத் தேவையில்லாத ஒரு சாட்சி அவர் கைவசம் இருந்தது. கும்பலின் கடைசியில் சுவரோடு சுவராக நின்றவளைக் கைகாட்டினார்.

"அதோ நிக்கறாளே கன்னியம்மா, ஒண்டிக்கட்டை. அவ போகலையா? சிமெண்ட் தரை, லைட்டுன்னு நல்லா இருக்காளாம். பொம்பளை, அவளுக்கே கெடைக்குது. ஆம்பளைங்க உங்களுக்குக் கெடைக்காதா? என்ன கன்னியம்மா, சௌக்கியமா இருக்கியா?"

அத்தனை தலையும் திரும்பியது. 'இல்லை' என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அத்தனை கண்ணும் டீக்கடையில் நகர்ந்து நின்றவன் கண்ணாக மாறிவிடும்.

"சௌக்கியமா கீறேன் மொதலாளி."

கூட்டம் தளர்ந்தது. அருள்மேரியின் புருஷன் சவுரிமுத்து தலையைச் சொறிந்தான். "அவளே சமாளிச்சிக்கினா... நாமளும் பாக்கலாம்ப்பா. சண்டை போட்டு வேலையும் போய்ட்டா பேஜாரு," என்றான். பலர் தலையாட்டினார்கள். தயாளன் கன்னியம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் காறையுதிர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அஸ்தினாபுரத்துக்குப் போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் மனைகள் பாதிக்கு மேல் காலி. தள்ளித் தள்ளி நாலைந்து வீடு, அவற்றில் ஒன்று வெள்ளையடித்தது. வேப்பமரம் இல்லை, பூவரசு இருந்தது. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது, கதவில் பூட்டு தொங்கியது. பூட்டைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

திருடவோ நுழையவோ அவள் நினைக்கவில்லை. ஒரு வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொள்ளும் நேரத்துக்கு அவளுக்கு ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான். தெருக்குழாயில் கை கால் கழுவினாள். பூவரசங்கிளையை ஒடித்து வாசலைக் கூட்டினாள், தண்ணீர் தெளித்தாள். மடியில் முடிந்து வந்திருந்த கம்பெனிச் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோலம் போட்டாள். பழக்கம் விட்டுப்போனதில் கோடு வளைந்தது. ஆனாலும் கோலம் கோலந்தான். படியில் உட்கார்ந்தாள். வெயில் முதுகில் ஏறியது. தெருவில் போன ஒருத்தர் அவளைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகப் போனார், யாரும் விரட்டவில்லை. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அந்தச் சுகத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

அருள்மேரி மெட்டில்டாவோடு வந்து சேர்ந்தாள். தலையில் பூ, கையில் தட்டு.

"வேப்பமரம்ன? இது பூவரசாச்சே! தெருவே சுத்திட்டேன்."

"எனக்கு எல்லா மரமும் ஒண்ணுதாண்டி. வூட்டுக்கார அம்மா கதவப் பூட்டிகினு சர்ச்சுக்குப் போய்க்கிறாங்க. உள்ள வாங்கன்னு சொல்ல முடியலியே!"

"வாசல்ல வச்சா போதும். வூடு ஷோக்காத்தான் கீது." அருள்மேரி மனம் நிறைந்து பார்த்தாள். தட்டை நீட்டினாள். "எம்பொண்ணு கண்ணாலத்துக்கு நீதான் முன்ன நிக்கணும்."

கன்னியம்மா இரண்டு கையாலும் தட்டைத் தொட்டாள். அப்போது வீட்டு கேட் கிறீச்சிட்டது.

"யாரும்மா நீங்க? எங்க வீட்டு வாசல்ல என்ன பண்றீங்க?"

பைபிளை மார்போடு அணைத்தபடி ஒரு அம்மாள் நின்றார். பின்னால் அவர் கணவர். பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அருள்மேரி சிரித்தாள். "உங்க வூட்ல குடியிருக்காளே கன்னியம்மா, அவளுக்கு வெத்தல வைக்க வந்தோம் டீச்சர்."

"எங்க வீட்ல யாரும் குடியில்லையே."

அந்த மனிதர் படியேறிப் போய்ப் பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார். அந்தச் சத்தம் கன்னியம்மாவை அடித்தது. "யூனிஸ், சண்டேல வீடு பூட்டியிருக்கும்னு நோட்டம் பாத்து வச்சிருக்காங்க. போலீஸ்ல சொல்றது நல்லது."

அருள்மேரி கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்கு எழுத்து தெரிய வேண்டியிருக்கவில்லை. "வூடு மாறி வந்துட்டோம் சார். மன்னிச்சிக்கோங்க," என்றாள். தட்டை மெட்டில்டாவிடம் கொடுத்துவிட்டு, கன்னியம்மாவின் கையைப் பற்றித் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். ரயில்வே கேட்டில் ஒரு ரயில் போய் முடிகிற வரையில் நின்று, பிறகு கேட்டாள்.

"எங்கடி கீற?"

கன்னியம்மா சொன்னாள். தாழ்வாரம், லத்தி, குழாயடி, மேஸ்திரி போட்ட மிரட்டல், எல்லாவற்றையும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அருள்மேரி அவளைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தால் தப்பு. அவளுக்கு ஆத்திரந்தான் வந்தது.

"அடிப்பாவி! வெள்ளிக்கெழம அத்தினி பேர் முன்னால சௌக்கியம்னு சொன்னியே! உன் வாய நம்பி எம்புருசன் நாளைக்கு மொத ஆளா போய் சம்மதம் சொல்லப் போறாரு. உனக்கு வெக்கம் பெருசாப் போச்சு, எங்க பதினாலு குடும்பம் தெருவுக்கு வந்தா பரவால்ல, இல்ல?"

"சொல்ல வாயி வரலடி."

"எங்கிட்டகூடவா?"

மெட்டில்டா தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் முந்தானையால் கன்னியம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் சங்கு ஊதியபிறகு யாரும் குழிக்குப் போகவில்லை. சம்மதம் சொல்லிவிட்டுத்தான் வேலை என்று மேஸ்திரி முற்றத்தில் வரிசை கட்டியிருந்தான். ஜீவரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரிசையின் முதலில் சவுரிமுத்து நின்றான், முகம் பேயறைந்தது போல் இருந்தது. அருள்மேரி இரவே அவனிடம் சொல்லியிருந்தாள். ஆனால் பொண்டாட்டி சொன்னதை வைத்து முதலாளியை எதிர்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. சொல்ல வேண்டியவள் சொல்ல வேண்டும்.

கன்னியம்மா சுவரைவிட்டு நகர்ந்து வரிசைக்கு முன்னால் வந்தாள்.

"எனக்கு வூடு கெடைக்கல மொதலாளி. தாம்பரம் ஸ்டேஷன்ல, கூட்ஸ் ஷெட்டாண்ட படுத்துகினு கீறேன். நீங்க காலி பண்ணச் சொன்ன நாள்லேர்ந்து."

ஜீவரத்தினம் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"அன்னிக்கு சௌக்கியம்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன். தெருவுல கீறேன்னு சொல்றத வுட, செத்துட்டேன்னு சொல்றது எனக்கு சுளுவா இருந்துச்சி."

மேஸ்திரி குறுக்கே புகுந்தான். "இவ பேச்ச எடுத்துக்காதீங்க மொதலாளி. தனியா பேசிகினு கீறா, நானே பாத்தேன். மண்ட கலங்கிப் போச்சு."

"ஆமாய்யா, பேசறேன்." அவள் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. "செத்துப்போன புருசனாண்ட பேசறேன். லைன்ல இருந்தப்ப பேச ஆளு இருந்துச்சி. மண்ட கலங்கி நான் வூட்ட வுட்டுப் போவல. வூடு போயித்தான் கலங்கினேன். என்ன ஒருத்திய இப்டி ஆக்கினது போதாதா? தோ, இந்தப் பொம்பளைங்க அத்தினி பேரும் விடியறதுக்கு முன்ன ஸ்டேஷன் கொயாயில உடம்ப மறைச்சிகினு குளிக்கணுமா?"

அத்தனை கண்ணும் அவள்மேல்தான் இருந்தது. அவள் பயந்த கண் ஒன்றுகூட அங்கே இல்லை.

ஜீவரத்தினம் கைக்குட்டையை மடித்தார். "சரி, இவ கதை முடிஞ்சுது. இன்னியோட உனக்கு வேலை இல்லை, போ. சவுரிமுத்து, நீ சொல்லு."

"நான் போமாட்டேன் மொதலாளி," என்றான் சவுரிமுத்து. தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டவன் மாதிரி மறுபடியும் சொன்னான். "போமாட்டேன். அவளுக்கு வேலையும் குடுக்கணும்."

வரிசை கலைந்தது. ஒருவன் வரிசையைவிட்டு விலகிக் கன்னியம்மாவின் பக்கம் போய் நின்றான், பிறகு ஒருத்தி, பிறகு கும்பலாகவே. மேஸ்திரியின் முன்னால் வெறும் தரை இருந்தது.

"வேலைக்கு வரலேன்னா கேட்டை இழுத்துப் பூட்டுவேன். நாளைக்கு போலீஸோட வந்து லைனைப் பிரிப்பேன்," என்று எழுந்தார் முதலாளி.

"பிரிங்க," என்றான் தயாளன். "அதுக்கு முன்னால நாங்க ஒண்ணு கட்டிட்றோம்."

அன்று பகலெல்லாம் லைனில் அந்த வேலைதான் நடந்தது. கன்னியம்மாவின் பழைய வீட்டு நாலு சுவருக்குள் கிடந்த ஆவாரம்பட்டைக் கட்டுகளை ஆண்கள் தூக்கிக் கம்பெனி கேட்டுக்கு வெளியே அடுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் இரண்டிரண்டு ஓலை உருவினார்கள். யார் வீடும் நனையாது, அவள் வீடும் நிற்கும் என்று தயாளன் கணக்குச் சொன்னான். மூங்கில் ஒருவன் கொண்டுவந்தான். அருள்மேரி மண்ணைக் குழைத்துச் சுவர் வெடிப்பை அடைத்தாள். இன்னும் கோபம் ஆறாதவளாய், கன்னியம்மாவிடம் பேசாமல் தண்ணீர்க்குடத்தை மட்டும் நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கூரை முக்கால்வாசி வந்துவிட்டது. மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்காமலே கத்தினான். "காலைல போலீஸ் வேன் வருதாம்! சொல்லிட்டேன்!" யாரும் கையை நிறுத்தவில்லை.

"உள்ள போ அக்கா," என்றான் தயாளன்.

கன்னியம்மா மூட்டையோடு நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். மேலே கூரையைப் பார்த்தாள். யாரோ இப்போது லத்தியால் தட்டி எழுப்பிவிடுவார்கள் என்று உடம்பு சொன்னது. காலை வெளியே எடுத்துவிட்டாள்.

"நான் இப்டியே வெளிய குந்திகினு கீறேன். என்னால முடியல." அவளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பேர் பாடுபட்டுக் கட்டியதற்குள் நுழையத் துப்பில்லையே என்று கூனிக் குறுகினாள்.

"சரி, குந்து," என்றாள் அருள்மேரி. அவளை அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தன் வீட்டிலிருந்து பாயைக் கொண்டுவந்து வாசலில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சவுரிமுத்து கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டான். எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் லைனே வீட்டைவிட்டு வெளியே வந்து, கன்னியம்மாவின் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டது. யாரோ அலுமினியச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார்கள்.

கேட்டில் யார் முன்னால் நிற்பது, பக்கத்துக் கம்பெனி ஆட்களுக்கு யார் போய்ச் சொல்வது என்று பேச்சு ஓடியது. மூட்டையை அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாவின் தலை மெல்லச் சாய்ந்து அருள்மேரியின் தோளில் விழுந்தது. வெளிச்சம் முழுசாக அடங்கக்கூட இல்லை. அவள் வாய் திறந்து குறட்டை விட்டாள்.

தோள் வலித்தும் அருள்மேரி அசையவில்லை. தயாளன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பேச்சு மட்டும் நிற்கவில்லை.